சுல்கட்டா ஆமைக்கு எடை குறைந்து, வைத்தியம் பார்க்க அலைந்த கதை

எங்கள் சுல்கட்டா 1 கிலோவைத் தொட்ட பிறகு இறங்க ஆரம்பித்து 930 கிராமுக்கு வந்துவிட்டது. ஒரு தடவை குறைந்தால் பதற வேண்டியதில்லை. ஆமையின் சிறுநீர்ப்பையில் நிறையத் தண்ணீர் தங்கும், அதை வெளியேற்றினாலே எடை இறங்கிவிடும். அதனால்தான் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அது கழித்து முடித்த பிறகு, வாரத்தில் ஒரே கிழமையில் நிறுத்து நோட்டில் எழுதுகிறோம். அப்படி எடை பார்த்தும் வாராவாரம் இறங்கியது. உடனே டாக்டரைப் பார்க்கக் கிளம்பினோம்.

காரைக்குடிப் பக்கம் ஆடு, மாடு, நாய்க்கு வைத்தியம் கிடைக்கும். ஆமை என்றால் முகமே மாறிவிடுகிறது. முதலில் போன இடத்தில் சீட்டு எழுதுபவர் கூடையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இது வனத்துறை கேஸ்ங்க, எடுத்துட்டுப் போங்க" என்றார். அவர் நினைத்தது நட்சத்திர ஆமையை. அது நம் நாட்டுக் காட்டுயிர், வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வீட்டில் வளர்ப்பது குற்றம். சுல்கட்டாவோ ஆப்பிரிக்க இனம், ஓட்டில் நட்சத்திரக் கோடுகள் இருக்காது. இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினங்களைப் பதிவு செய்ய 2024-இல் வந்த விதிகளின்படி, மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்கிறோம். போனில் சான்றிதழைக் காட்டினேன். பிரிண்ட் வேண்டும் என்றார். பிரிண்ட் எடுத்து வந்தால், அது அப்பா பெயரில் இருக்கிறது, அவர் வந்தால்தான் ஆகும் என்றார். அப்பா அன்று தேவகோட்டையில். சீக்கான உயிரை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் காகிதம் கேட்டிருக்கலாம். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பதிவுச் சான்றிதழின் நகல், பதிவு செய்தவரின் ஆதார் நகல், அவர் கையெழுத்திட்ட கடிதம், மூன்றையும் கூடையோடு எடுத்துப் போங்கள்.

அடுத்து போன இடத்தில் நடந்ததை ஆமை வளர்க்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். குடற்புழுவாக இருக்கும் என்று சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஊசிக்கு எடுத்த மருந்து ஐவர்மெக்டின். ஆடு மாட்டுக்கு அன்றாடம் போடுகிற இந்த மருந்து ஆமையின் உயிரையே எடுத்துவிடும். "வேண்டாங்க டாக்டர், ஆமைக்கு இது ஆகாது" என்று தடுத்தேன். "எல்லாத்துக்கும் இதுதாம்மா போடுறோம்" என்றார். மறுத்துவிட்டு, ஆமையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று அப்படிச் செய்ததால்தான் அது இப்போது உயிரோடு இருக்கிறது. வைட்டமின் ஏ ஊசியிலும் கவனம் தேவை. அளவு கூடினால் தோல் உரிந்து புண்ணாகிவிடும்.

பிறகு வெளியூர்க் கால்நடைக் கல்லூரி மருத்துவமனை. விடியற்காலை பஸ் பிடித்துப் போயும், கொண்டுபோன மலம் வெயிலில் காய்ந்துவிட்டதால் பரிசோதிக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். மாதிரி புதிதாக வேண்டும் என்பதை முந்தின நாள் போனிலேயே சொல்லியிருந்தால் அந்த அலைச்சல் மிச்சம். ஊறவைக்கும் தொட்டியிலேயே ஆமை பெரும்பாலும் கழித்துவிடும். எடுத்து உடனே சின்ன டப்பாவில் மூடி, ஐஸ் பக்கத்தில் வைத்துக் கொண்டுபோனால் போதும்.

மறுமுறை எல்லாம் சுலபமாக முடிந்தது. எக்ஸ்ரேயில் கல் எதுவும் இல்லை, மலத்தில் புழு முட்டை இருந்தது, ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்து கொடுத்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா முதலில் கேட்டதே எங்கள் எடை நோட்டைத்தான். எடையைப் பார்த்துத்தான் மருந்தின் அளவு. "ஓட்டு நீளத்தையும் எழுதும்மா. வளைவோட சேர்த்து அளக்காதே, நேர்கோட்டுல அள" என்றார். நீளம் கூடாமல் எடை மட்டும் ஏறினால் அது வளர்ச்சி ஆகாது, கொழுப்பாக இருக்கலாம், பெட்டை என்றால் முட்டையாகவும் இருக்கலாம்.

எடை இறங்கியது என்று பழமும் முட்டைக்கோஸும் கொடுத்து ஏற்றப் பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டு ஆச்சி பாசத்தில் வாழைப்பழம் நீட்டுவார்கள், அவர்களைச் சமாதானம் செய்வது தனி வேலை. சுல்கட்டாவுக்கு முக்கிய உணவு புல்தான். அருகம்புல், காய்ந்த புல், இடையிடையே செம்பருத்தி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி, சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. பசலைக்கீரை வேண்டாம். குட்டியாக இருக்கும்போது காற்றில் ஈரம் குறைந்தால் ஓட்டில் கூம்பு கூம்பாக மேடு எழும்பும். நம்மூர்க் கோடையில் தேங்காய்நார்த் தூளை நனைத்துப் போட்டு வைப்பது அவசியம். ஆத்தங்குடிக் கல் பதித்த வழுவழுத் தரையில் நடக்க விடாதீர்கள், கால் வழுக்கிப் பரப்பிக்கொள்ளும்.

இப்போது 1,050 கிராம், ஓட்டு நீளமும் ஏறியிருக்கிறது. மருந்து முடிந்த பிறகு இன்னொரு மலச்சோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை அப்பாவையும் கையோடு கூட்டிப்போகிறேன்.