மொரிஸ் மைனர் பின்சில்லுக்கு டிஸ்க் பிறேக்: பிசகும் இடங்கள்

உங்கள் பழைய மொரிஸ் மைனர் காரின் முன்சில்லில் இன்னும் ட்றம் பிறேக்தான் இருக்கிறதென்றால், பின்னுக்கு டிஸ்க் போடும் யோசனையை இப்போதைக்கு விடுங்கள். பிறேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குப் போகிறது. அந்த நேரம் பின்சில்லு முந்தி இறுகினால் கார் சுழலும். மழை நேரத்தில், கொழும்பின் நெரிசலான காலி வீதியில் (Galle Road) அதைத் திருப்பி எடுக்க இடம் கிடைக்காது. உண்மையில், முன்னுக்கு நல்ல டிஸ்க் இருந்தால் ஒழுங்காகச் செட் பண்ணிய 7 அங்குலப் பின் ட்றம்மே மைனருக்குப் போதும். அதற்கு மேலும் ஆசைப்படுபவர்களுக்குத்தான் இது.

கொழும்பில் பழைய கார்ச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் கலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பகுதி) தேடும்போது முதலில் ஹேண்ட் பிறேக் லீவரைப் பாருங்கள். அது கலிப்பரிலேயே இருக்க வேண்டும். பின் டிஸ்க்கோடு வந்த ஹொண்டா சிவிக் கலிப்பர்கள் அந்த வகை. இடது வலது மாறிப் பூட்டினால் காற்றை வெளியே விடும் பிளீடிங் நிப்பிள் கீழே போய்விடும். பிறகு எவ்வளவு ஒயில் விட்டாலும் காற்று மேலேயே தங்கும், பெடல் மெத்தென்று அமுங்கும்.

டிஸ்க்கிலும் ஒரு சிக்கல் உண்டு. மைனரின் நாலு ஸ்டட்டும் நிற்கும் வட்டம் 4 அங்குலம், அதாவது 101.6 மிமீ. சின்ன ஜப்பான் கார்களில் பெரும்பாலும் 100 மிமீ. தட்டி ஏற்றலாம், ஆனால் நேராக உட்காராது. லேத் பட்டறையில் பழைய துளைகளுக்கு நடுவே புதிதாக நாலு துளை போட்டு, நடுத்துளையையும் ஹப்புக்கு அளவாக எடுப்பியுங்கள். பூட்டியபின் டயல் கேஜ் (ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்துச் சுற்றினால் டிஸ்க்கின் ஆட்டம் 0.1 மிமீயைத் தாண்டக் கூடாது.

ட்றம்முக்குப் பின்னாலுள்ள தகடான பாக் பிளேட் வெளியே வர அக்சில் ஷாஃப்டை உருவி, ஹப்பையும் இழுத்தெடுக்க வேண்டும். அப்போது ஒயில் சீலை மாற்றாமல் விடுவது கஞ்சத்தனம். கியர் ஒயில் பட்ட பாட் (டிஸ்க்கில் உரசும் பிறேக் கட்டை) பிறகு எதற்கும் உதவாது. கலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டை 10 மிமீ இரும்புத் தகட்டில் வெட்டி, பாக் பிளேட்டின் போல்ட் துளைகளிலேயே பூட்டலாம், போல்ட் 8.8 கிரேட்டுக்குக் குறையக் கூடாது. வெட்ட முன் சில்லை மாட்டிச் சுற்றிப் பாருங்கள், கலிப்பரின் முதுகு ரிம்மில் முட்டக்கூடும்.

பைப் விஷயத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மைனரின் பைப் நட் 3/8 யூஎன்எஃப் (அங்குல அளவு மரை), ஜப்பான் பக்கம் 10 மிமீ மரை, பிட்ச் (மரைகளின் இடைவெளி) 1 மிமீ. 3/8 அங்குலம் என்பது 9.5 மிமீ, பிட்சும் கிட்டத்தட்ட 1 மிமீதான். ஆகவே நட் உள்ளே போகும், இறுகியதுபோலவும் தெரியும், பலமாக மிதிக்கும் அன்றைக்குப் பிடுங்கிக்கொண்டு வரும். சரியான அடாப்டர் இல்லாமல் சேர்க்காதீர்கள். கலிப்பர் அசைவதால் இரண்டு பக்கமும் புதிதாக ரப்பர் ஹோஸும் வேண்டும்.

பெடலை மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடியில், சசிக்குள் இருக்கிறது. ட்றம்முக்காக அதற்குள் இருக்கும் செக் வால்வு லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிஸ்க்கில் அதனால் பாட் விடாமல் உரசும், சில்லு கொதிக்கும். முன் டிஸ்க் போட்டவர் அதை எடுத்தாரா என்று பாருங்கள். எடுத்தபின் இன்னொரு தொல்லை வரும்: மாஸ்டர் கலிப்பரைவிடத் தாழ்வாக இருப்பதால் ஒயில் பின்வாங்கி, முதல் மிதி வெறுமையாகப் போகலாம். அதற்கு லைனில் 2 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) பிடித்து வைக்கும் வால்வு போட வேண்டும். 10 பிஎஸ்ஐ என்றால் அது ட்றம்முக்கு. கடைக்காரர் "எல்லாம் ஒண்டுதான்" என்றாலும் வாங்காதீர்கள்.

பின் லைனில் அழுத்தத்தைக் குறைக்கும் புரொபோர்ஷனிங் வால்வு ஒன்றும் தேவை, திருகிச் செட் பண்ணும் வகை. ஆகக் குறைந்த அழுத்தத்தில் தொடங்குங்கள். ஈரமான வெறும் நிலத்தில் மெதுவாக ஓட்டிப் பலமாக மிதிக்கும்போது வெளியே ஒருவர் நின்று பார்க்கட்டும். எப்போதும் முன்சில்லுதான் முதலில் இறுக வேண்டும்.

ஹேண்ட் பிறேக் கலிப்பரின் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். கிளாம்ப் போட்டு அழுத்தினால் உள்ளிருக்கும் மரை கெடும். பிளீட் பண்ணி, பலமுறை மிதித்து, பாட் டிஸ்க்கைத் தொட்ட பிறகே கேபிளைக் கொழுவுங்கள். லீவர் தன் ஸ்டொப்பரில் தொட்டபடி நிற்க வேண்டும். கேபிள் கொஞ்சம் இழுபட்டு நின்றாலும் கலிப்பர் தானாகச் செட் ஆகாது. பாட் தேயத் தேயப் பெடல் இறங்கும், நீங்கள் காற்று என்று நினைத்து ஒயிலை வீணாக்குவீர்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரைப் பக்கம் நிறுத்தும் கார்களில் கலிப்பர் நகர்ந்து ஓடும் சின்னக் கம்பிகள் உப்புக் காற்றில் இறுகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து, பிறேக்குக்கான சிலிக்கன் கிரீஸ் பூசுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும்.