வரத்து, வெளியேற்றம்

ஜூலை 9, 2024

அப்பாவின் ரத்தத்தில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்றாமல் விட்ட கழிவு, 3.4. ஹீமோகுளோபின் 7.6. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இந்த இரண்டு எண்களையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பரில் மேட்டூர் நீர்மட்டம் பார்த்தார். வழக்கம்போல் ஜூன் 12-இல் அணையைத் திறக்கவில்லையே என்ற கவலைதான் அவருக்கு.

ஜூலை 11

டாக்டர் அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "முதுகுவலிக்கு மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா?"

"எப்போதாவது" என்றேன்.

பிறகு ஒரு வரைபடத்தைக் காட்டினார். ரத்தத்தில் இருக்கும் புரதங்கள். ஓரத்தில் ஒரு முகடு எல்லோருக்கும் உண்டாம். எதிர்க்கோடியில், தணிந்து கிடக்க வேண்டிய இடத்தில், மலைக்கோட்டை மாதிரி இன்னொன்று. பெயர் எழுதினார்: மல்டிபிள் மைலோமா. எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

அம்மாவிடம் ரத்தம் குறைவு என்று மட்டும் சொன்னேன். முருங்கைக்கீரை வாங்கி வரச் சொன்னாள்.

ஜூலை 12

எப்போதாவது! மார்கழியில் வாங்க ஆரம்பித்தது. வாரத்துக்கு ஓர் அட்டை, சில வாரம் இரண்டு. என் தலை தெரிந்ததும் மருந்துக்கடைப் பையன் டைக்ளோஃபெனாக்கை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவான். சீட்டு கேட்டதில்லை, நானும் காட்டியதில்லை. "எழுபத்துநாலு வயதில் முதுகு வலிக்காமல் என்ன செய்யும்" என்று அவனிடம் நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். இந்த நோயில் சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும், வலி மாத்திரை அதன் கழுத்தில் ஏறி மிதிக்கும் என்று இன்று படித்தேன். படித்த பக்கத்தை மூடிவிட்டேன். மறுபடி திறந்தேன். நுரை நுரையாகப் போகிறது என்று சித்திரையிலேயே அப்பா சொன்னார். சோப்பு போட்டுக் கழுவிய தண்ணீராக இருக்கும் என்றேன்.

ஜூலை 15

இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். ஒருக்களித்துப் படுத்திருந்தார். சத்தமே இல்லை. கால் கட்டைவிரல் மட்டும் மெல்ல மடங்கி, அப்படியே நின்றது. எழுந்ததும் ஊசி எத்தனை எம்.எம். என்று நர்ஸிடம் கேட்டார். பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப் ஃபிட்டர் வேறென்ன கேட்பார்.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. இந்த மாதம் வைத்தியம் எதையும் தொடங்க வேண்டாம் என்று கோவையிலிருந்து அக்கா. நோய் பஞ்சாங்கம் பார்த்தா வந்தது என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அரை மணி கழித்து நானே கூப்பிட்டேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

ஜூலை 19

கேள்விக்குறி போய்விட்டது.

ஜூலை 20

அப்பாவின் வேட்டி தரையில் புரள்கிறது. கட்டத் தெரியாதா என்று அம்மா கோபித்துக்கொண்டாள். முதுகெலும்பில் இரண்டு கட்டைகள் நசுங்கியிருப்பதை எக்ஸ்ரேயில் பார்த்தவன் நான். ஆள்தான் குறைந்திருக்கிறார்.

ஜூலை 22

முதல் ஊசி, வயிற்றுத் தோலுக்கு அடியில். வாரம் ஒன்று. வாசலில் 'புற்றுநோய்ப் பிரிவு' என்று பலகை. அப்பா நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். "எழுத்து நன்றாகப் பெரிதாக இருக்கிறது" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

ஜூலை 23, அதிகாலை 2.40

டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்த இரவு தூக்கம் வராது என்றார்கள். தூங்கவில்லைதான். கூடத்தில் விளக்கைப் போட்டு, கருவிப் பெட்டியைக் கவிழ்த்து, ஒவ்வொரு ஸ்பேனராக எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் எதிரில் உட்கார்ந்தேன். பெட்டியின் அடியில் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டு. காலி மாத்திரை அட்டைகள், இஸ்திரி போட்டது போலத் தட்டையாக. ஒவ்வொன்றின் பின்னாலும் பால்பாயிண்ட் பேனாவில் தீர்ந்த தேதி. தேதி போடாமல் எதையும் வைக்க மாட்டார். ஆரம்பத்தில் ஒன்பது நாளுக்கு ஓர் அட்டை. மாசியில் ஆறு. கடைசியில் மூன்று.

முப்பத்தொன்று. இரண்டு முறை எண்ணினேன்.

"பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரைக் காணோம், தம்பி" என்றார்.

ஜூலை 24

முப்பத்தொன்று.

ஜூலை 26

தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். அம்மா சொம்பில் அளந்து கொடுக்கிறாள். போவதையும் ஜாடியில் அளந்து எழுத வேண்டும். காலையில் அப்பா சத்தமாக வாசித்தார்: "நீர்வரத்து மூவாயிரம், வெளியேற்றம் ஆயிரத்து எண்ணூறு. கரையோர மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்." அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாள்!

சிறுநீரகத்தில் புரதம் அடைத்துக்கொள்வதை விளக்க வாயெடுத்தேன். "பாய்லர் குழாயில் உப்புப் படிவது போல" என்று அவரே முடித்துவிட்டார். பாய்லர் என்றால் பிரித்துச் சுரண்டலாம் என்று ஒரு வால் வேறு.

ஜூலை 28

அம்மாவுக்குத் தெரியும் என்று தோன்றுகிறது. முருங்கைக்கீரை கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஜூலை 29

இரண்டாவது ஊசி. டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். வரிசை நீளம். சொல்லவில்லை.

ஜூலை 31

மேட்டூர் நேற்று 120 அடியைத் தொட்டுவிட்டது. பேப்பரை மடித்து என் கையில் கொடுத்து, படி படி என்கிறார். கிரியாட்டினின் 2.9 என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. அம்மா புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம் செய்தாள். அப்பா புளியோதரையில் இரண்டு வாய், அவ்வளவுதான். ஸ்ரீரங்கம் காவிரிக்கரையில் உள்ள 'அம்மா மண்டபம்' படித்துறைக்கு இந்த ஆண்டு யாரும் போகவில்லை. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று மாலைவரை கேட்டுக்கொண்டே இருந்தார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, படி எத்தனை மூழ்கியிருக்கிறது என்று சொன்னேன். "சரியாக எண்ணினாயா?" என்றார்.

அட்டைக் கட்டை எடுத்து என் பைக்குள் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மேஜைமேல் வைத்துவிடுவேன்.

ஆகஸ்ட் 5

டாக்டர் விடுப்பு. வேறொருவர் ஊசி போட்டு அனுப்பினார்.