எந்த வழி உறவு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்

நேற்று தபால் நிலையத்தில் என் மாமியாரின் மரபணு மாதிரி இருந்த உறையைக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இரண்டாம் உலகப் போரில் இறந்து, உடல் கிடைக்காமல் போன ஒருவரை அடையாளம் காண உதவுவதற்காகப் பதினான்கு மாதம் இழுத்த வேலை. அதில் பாதிக்கு மேல் வீண் அலைச்சல்.

என் மாமியார் அமெரிக்கர். அவருடைய தாய்மாமன், கடலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் அமெரிக்க மரைன் படையின் வீரர். 1943 நவம்பர் 20 அன்று, பசிபிக் கடலில் ஜப்பானியர் வசம் இருந்த தராவாவின் பேசியோ தீவில் இறங்கும்போது அவருக்கு வயது இருபது. அன்று கடலில் நீர்மட்டம் ஏறவில்லை. படகுகள் பவளத்திட்டில் தட்டி நின்றன. குண்டு மழைக்கு நடுவே நீரில் நடந்தே கரைக்குப் போக வேண்டியிருந்தது. மூன்று நாள் சண்டையில் சுமார் 1,000 மரைன்கள் இறந்தார்கள். அவசரத்தில் அகழிகளில் புதைத்தார்கள். பிறகு விமானத்தளம் விரிவடைந்தபோது புதைத்த இடத்தைக் காட்டும் சிலுவைகள் இடம் மாறின. 1946-இல் தோண்டிப் பார்த்தவர்களுக்குப் பாதி உடல்கள்தான் கிடைத்தன. இவருடையது கிடைக்கவில்லை.

முதலில் அவருடைய பழைய படைக் கோப்பைத் தேடினோம். எங்கள் வட்டாரத்தில் முன்னாள் வீரர்களின் குடும்பங்களுக்கு உதவும் அலுவலகம் ஒன்றுக்கு மூன்று மணி நேரம் காரோட்டிப் போனோம். அங்கிருந்த எழுத்தர் கணினியைத் திறக்கக்கூட இல்லை. “1973 தீ விபத்தில் எல்லாம் எரிந்துபோய்விட்டது” என்றார். நாங்களும் நம்பித் திரும்பிவிட்டோம். அந்த முகத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. செயின்ட் லூயிஸ் நகரத்தின் படைவீரர் ஆவணக் காப்பகத்தில் அந்தத் தீ விழுங்கியது தரைப்படை, விமானப்படைக் கோப்புகளை. மரைன்களின் கோப்புகளை அது தொடவே இல்லை. இது எனக்குத் தெரிய நான்கு மாதம் ஆனது. யாராவது உங்களிடமும் இப்படிச் சொன்னால், எந்தப் படை என்று திருப்பிக் கேளுங்கள். பணியிலிருந்து நீங்கி 62 ஆண்டுகள் கடந்த கோப்பு எவருக்கும் திறந்தது. வாரிசு என்று நிரூபிக்கத் தேவையில்லை. பணிக்கோப்பு வேறு, இறந்தவருக்கான தனிக்கோப்பு வேறு. இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஆவணக் காப்பகத்துக்கு நேரடியாக எழுதியதும் இரண்டும் வந்தன. பல் வரைபடம் இருந்தது. மீட்க முடியாதவர் என்று 1949-இல் முடிவு செய்த தாளும் இருந்தது. அதற்கும் முன்னால் அவருடைய அம்மா பென்சிலால் எழுதிய ஒரு கடிதம். மகனுடைய கைக்கடிகாரம் கிடைத்ததா என்று கேட்டிருந்தார். ‘கடிகாரம்’ என்ற சொல்லை அழித்து அழித்து எழுதியதில் தாள் அந்த இடத்தில் மெலிந்திருந்தது. மாமியார் அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். தன் பாட்டியின் கையெழுத்தை அவர் பார்த்ததே இல்லையாம்.

அடுத்தது, கிடைக்கும் எலும்புகளோடு ஒப்பிட உறவினரின் மரபணு மாதிரி. பெரிய தவறு நடந்தது இங்கேதான். மாதிரி சேகரிக்கும் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் பேசியவரிடம், வீரருக்கு இரண்டு ‘நீஸ்’ உயிரோடு இருக்கிறார்கள் என்று சொன்னோம். ஆங்கிலத்தில் அண்ணன் மகளும் நீஸ், அக்காள் மகளும் நீஸ். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் மூத்தவருக்கு உறையை அனுப்பிவிட்டார். அந்த அம்மாளுக்கு எண்பது வயது, கை நடுக்கம். நாங்கள் போய்க் கூட இருந்து மாதிரி எடுத்து அனுப்பினோம். ஐந்து மாதம் கழித்து, தாய்வழிச் சோதனைக்கு இது உதவாது என்று பதில் வந்தது. அந்தச் சோதனை பார்ப்பது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும் மரபணுவை. அந்த அம்மாள் வீரரின் அண்ணன் மகள். அவருக்குள் இருப்பது அவருடைய தாயின் வழி. வீரரின் அக்காள் மகளான என் மாமியாரிடம் இருப்பதுதான் வேண்டும். தமிழில் கேட்டிருந்தால் ஒரே சொல்லில் தீர்ந்திருக்கும்! தாய்மாமன் என்றாலே வழி தெரிந்துவிடுகிறதே.

ஆகவே அழைப்பதற்கு முன்பே குடும்ப மரத்தைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். வீரரின் தாய், அவருடைய மகள்கள், அந்த மகள்களின் பிள்ளைகள் என்று கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோட்டில் வருகிறவரைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது உறை பத்தே நாளில் வந்தது. செலவு எதுவும் இல்லை. மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து, பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்துக்கொண்டார். “அவ்வளவுதானா?” என்று கேட்டார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

ஹொனலுலுவின் பஞ்ச்பவுல் கல்லறையில் காணாமல் போனவர்களின் பெயர்களைப் பொறித்த சுவர்கள் இருக்கின்றன. ஒருவர் அடையாளம் காணப்பட்டால் அவர் பெயருக்கு அருகில் சிறு ரோஜா முத்திரை பதிக்கிறார்கள். எங்களிடம் உள்ள படத்தில் மாமாவின் பெயருக்கு அருகே ஒன்றும் இல்லை. மாமியார் அந்தப் படத்தையும் தபால் ரசீதையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறார்.