படித்துறையில் கட்டிய கயிறு

ஆடிப்பெருக்கு அன்று எங்கள் ஊர்க் காவிரிப் படித்துறையில் குறுக்கே கயிறு கட்டி, யாரும் இறங்கக் கூடாது என்று ஒரு போலீஸ்காரர் நின்றார். காப்பரிசியும் காதோலை கருகமணியுமாக வந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "ஆத்துத் தண்ணியத் தொடக்கூட விடமாட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். எனக்கும் கோபம்தான்.

ஆனால் அந்தக் கயிறு வேண்டும் என்றுதான் சொல்வேன். மேட்டூர் அணை 120 அடி நிரம்பிவிட்டால் வருகிற தண்ணீரைத் திறந்துதான் ஆக வேண்டும். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பில் உபரியைக் கொள்ளிடத்துக்குத் திருப்பினாலும் காவிரியிலும் இழுப்பு கூடும். மணல் அள்ளிய பள்ளங்கள் வேறு. இடுப்பளவுதான் என்று நினைத்து அடுத்த அடி வைத்தால் ஆள் மூழ்கிவிடும். நன்றாக நீச்சல் தெரிந்த எங்கள் தெருப் பையனே அப்படித்தான் போனான்.

சரி, கயிறு கட்டியதோடு வேலை முடிந்ததா? ஆழமில்லாத ஒரு துறையில் தடுப்புக் கட்டி, நீச்சல் தெரிந்த நாலு பேரை நிறுத்தினால் பெண்கள் மஞ்சள் சரடு மாற்றிக்கொண்டு நிம்மதியாகப் போவார்கள். முந்தின நாளே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியிருந்தால் அம்மா அவ்வளவு தூரம் வெயிலில் நடந்திருக்க மாட்டார்.

கடைசியில் அந்தப் போலீஸ்காரரே ஒரு குடம் ஆற்று நீர் மொண்டு கொடுத்தார். அம்மா அதைப் படியில் வைத்து விளக்கேற்றிக் கும்பிட்டார்.

ஆகஸ்ட் 15 கிராமசபையில் கொடுக்க, இதையெல்லாம் கேட்டு மனு எழுதிவிட்டேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள்.