விசைப்பலகையை எந்த டிரைவர் பிடித்திருக்கிறது?

குடியாத்தத்தில் கைலி வியாபாரம் செய்யும் என் மாமா, டெபியன் 12 என்னும் லினக்ஸ் இயங்குதளம் ஓடும் தமது மடிக்கணினிக்கென யுஎஸ்பி விசைப்பலகை ஒன்றை வாங்கினார். எழுத்துகள் ஒழுங்காக விழுந்தன. ஆனால் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் கணக்குக் கட்டத்தைத் திருத்த எஃப்2 அழுத்தினால், கட்டம் திறக்காமல் திரையின் வெளிச்சம் கூடியது. மடிக்கணினியிலேயே உள்ள விசைகளில் இந்தத் தொல்லை இல்லை, ஏனெனில் அவற்றைக் கவனிப்பது ஏடிகேபிடி என்னும் வேறொரு டிரைவர், அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருள்.

இத்தகைய நேரத்தில் புதிய டிரைவரைத் தேடி இறக்குவதைவிட, இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஏற்கெனவே எதைப் பொருத்தியிருக்கிறது என்று பார்ப்பதே சரியான தொடக்கம். யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை மர வடிவில் கேட்டால், கூடவே மாட்டியிருந்த மவுஸுக்கும் விசைப்பலகைக்கும் ஒன்றுபோல் யுஎஸ்பிஹெச்ஐடி என்றே வரும். அது தகவலைச் சுமந்து வரும் அடுக்கு மட்டுமே. விசைகளுக்குப் பொருள் தருவது அதற்கு மேலே அமரும் டிரைவர். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பதிவில் மவுஸுக்கு நேரே ஹெச்ஐடி-ஜெனரிக் என்னும் பொது டிரைவரும், விசைப்பலகைக்கு நேரே ஆப்பிள் என்னும் டிரைவரும் இருந்தன. மவுஸில் செய்வதற்கு எதுவும் இல்லை.

விசைப்பலகையின் அடையாள எண் 05ஏசி:024எஃப். அது ஆப்பிள் நிறுவனத்தின் அலுமினிய விசைப்பலகைக்கு உரிய எண். வேறு தயாரிப்பாளர்கள் சிலரும் அதையே தங்கள் பலகைகளில் பதித்து விடுகிறார்கள். கெர்னல் எண்ணை நம்பி ஹெச்ஐடி-ஆப்பிள் என்னும் அந்த ஆப்பிள் டிரைவரின் மாட்யூலை (தனியே ஏற்றக்கூடிய கெர்னல் பகுதியை) பொருத்துகிறது. எஃப் விசைகள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் அதன் எஃப்என்மோட் அளவுருவில் 3 இருந்தது: தானாகத் தீர்மானித்துக்கொள் என்று பொருள். ஆப்பிள் அல்லாத பலகைகளின் பெயர்ப்பட்டியல் ஒன்று டிரைவருக்குள் உண்டு. அதில் இல்லாத பலகையை அது அசல் என்றே கருதி, வெளிச்சம், ஒலி போன்றவற்றுக்கு முதலிடம் கொடுத்துவிடுகிறது.

அளவுருவில் 2 (எஃப் விசைகளுக்கே முதலிடம்) என்று எழுதியவுடன், பலகையைக் கழற்றி மாட்டாமலேயே, எஃப்2 கட்டத்தைத் திறந்தது. மறுதொடக்கத்துக்குப் பின்னும் நிலைக்க, மாட்யூல்களை ஏற்றும் மோட்ப்ரோப் கருவியின் அமைப்புக் கோப்பில் அதே மதிப்பை எழுதி, கணினி தொடங்கும்போது முதலில் ஏற்றப்படும் தொடக்க வட்டுப் படிமத்தையும் புதுப்பித்தேன். மாட்யூலையே தடை செய்துவிடலாமே என்றும் தோன்றும். ஆனால் ஓர் எண்ணில் முடிவதற்கு அது பெரிய வெட்டு. யுஎஸ்பி விசைப்பலகைகளுக்கான யுஎஸ்பிகேபிடி என்னும் இன்னொரு டிரைவரையோ நான் பரிந்துரைக்கவே மாட்டேன். கணினி தொடங்கும் கட்டத்திலேயே விசைகளைப் படிப்பதற்கென உள்ள எளிய பூட் நெறிமுறையை மட்டும் அது அறிந்தது. 8 பைட் அறிக்கையில் ஒரே நேரத்தில் 6 விசைகளுக்கே இடமுண்டு, ஒலி விசைகளுக்கு அங்கே வழியில்லை.

இந்தப் பலகையின் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கும்படி கெர்னல் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திருத்தம் அனுப்புவது அடுத்த வேலை.