இட்லியின் இடது கண்

ஜூன் 8, 2025, ஞாயிறு

சென்னை கொளத்தூர் வளர்ப்பு மீன் கடையில் ஆமைக்குட்டி ஜோடி 600 சொன்னார்கள், 500க்கு முடிந்தது. காதோரம் சிவப்புக் கோடு போட்ட ரகம். கூடவே காய்ந்த இறால் ஒரு டப்பா. "இது மட்டும் போட்டா போதும்க்கா" என்றார் கடைக்காரர். பில் கேட்டேன். "ஆமைக்கு எதுக்குக்கா பில்லு?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். மகள் பெயர் வைத்தாயிற்று: இட்லி, வடை.

ஜூன் 12, வியாழன்

இட்லிக்கு இடது கண் வீங்கி மூடிக்கொண்டிருக்கிறது. இறாலை மூக்குக்கு நேரே போட்டாலும் தெரியவில்லை. ஆமை கண்ணால் பார்த்துத்தான் தின்னுமாம்.

ஜூன் 14, சனி

கடையில் நல்ல கூட்டம். கடைக்காரர் குட்டியை உள்ளங்கையில் வைத்து ஒரு திருப்பு திருப்பினார். "வாங்கிட்டுப் போறப்போ கண்ணு தொறந்துதானேக்கா இருந்துச்சு? உங்க வீட்டுத் தண்ணி சரியில்ல. கல்லுப்பு போடுங்க."

ஆறு நாளில் தண்ணீர் என்ன செய்யும் என்று நானும் விடவில்லை. குரல் ஏறியது. பக்கத்தில் மீன் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்ததும் இறங்கி வந்தார். "சரி, இத வச்சிட்டு வேற எடுத்துக்குங்க."

மகள் டப்பாவைப் பிடுங்கி மூடிவிட்டாள். "இட்லிய என்ன பண்ணுவீங்க அங்கிள்?"

அவர் அடுத்த ஆளுக்குக் கவர் கட்டப் போய்விட்டார்.

ஜூன் 16, திங்கள்

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. போக வர ஆட்டோ மட்டும் ஆமை விலையைத் தாண்டிவிட்டது. டாக்டரம்மா முதலில் கேட்டது, என்ன சாப்பாடு என்று. காய்ந்த இறால் என்றதும் தலையாட்டினார். வைட்டமின் ஏ குறைவு. "எட்டு நாள்ல வர்ற வியாதி இல்லம்மா இது. உடம்புல இருக்கிற சத்து தீர்ந்துபோக வாரக்கணக்கில ஆகும்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே வெற்றி. அடுத்த கேள்வி வரும்வரைதான். "தண்ணிய என்னைக்கு மாத்துனீங்க?" நாலு நாள் ஆகியிருந்தது. அழுக்குத் தண்ணீரும் கண்ணைக் கெடுக்கும் என்றார். வெயிலுக்காக ஜன்னலோரம்தான் வைத்திருக்கிறேன் என்றேன். ஆமை ஓட்டுக்குத் தேவையான, வெயிலில் இருக்கும் யூவிபி என்ற புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுமாம். வைட்டமின் ஏ ஊசியை அவசரப்பட்டுப் போட மாட்டார்களாம், அளவு கூடினால் தோல் உரிந்துவிடும். சொட்டு மருந்து, கேரட், முருங்கைக்கீரை, ஆமைத் தீவனம்.

ஜூன் 17, செவ்வாய்

"ரெட்டேரியில விட்டுடுங்களேன், புண்ணியம்" என்கிறார் கீழ்வீட்டு மாமி. அமெரிக்காவிலிருந்து வந்த இனம், ஏரியில் விட்டால் நம்மூர் ஆமைகளின் பிழைப்பில் மண் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

என் கணவர், நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடு என்கிறார். 2019 நுகர்வோர் சட்டப்படி பில் தராததே தப்பு. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் வேண்டும். சட்டத்துக்கு ஆமையும் சரக்குதான். ஆனால் திருப்பிக் கொடுக்கத்தான் வீட்டில் ஒருத்தி சம்மதிக்க மாட்டாளே!

ராத்திரி மகள் எட்டாம் தேதி கடையில் எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாலாவது நொடியில் நிறுத்தச் சொன்னேன். தொட்டி ஓரத்தில் இட்லி முன்னங்காலால் இடது கண்ணைத் தேய்க்கிறது. ஒரு தரம் இல்லை, மூன்று தரம்.

ஜூன் 21, சனி

கடைக்காரரிடம் வீடியோவைக் காட்டினேன். இரண்டு தரம் பார்த்தார். "வர்ற சரக்கே இப்பிடித்தாங்க்கா வருது. மொத்தமா எடுக்கிறோம், ஒவ்வொண்ணா கண்ணு பாக்க முடியுமா?"

பார்க்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் பேசிய நேரத்தில் தொட்டியை நானே எண்ணினேன்: இருபத்திரண்டு குட்டி, அதில் நாலுக்குக் கண் மூடியிருந்தது. வாய்விட்டுச் சொன்னேன். எட்டிப் பார்த்துவிட்டு, கல்லாவிலிருந்து 250 எடுத்து நீட்டினார், ஒரு குட்டியின் விலை. மருத்துவச் செலவு என்றேன். "அதெல்லாம் கட்டாதுக்கா." கடைசியில் ஒரு யூவிபி பல்பை அடக்க விலைக்குக் கொடுத்தார். என் பங்குக்கு நாலு நாள் தண்ணீரை மாற்றாத கதையை நான் எடுக்கவே இல்லை.

ஜூலை 5, சனி

இடது கண் பாதி திறந்திருக்கிறது. காலையில் கேரட் துருவலை இட்லி தானே தேடி வந்து கவ்வியது. கடைக்காரருக்கு போனில் சொன்னேன்.

"அப்பிடியா? அந்த டாக்டரம்மா என்னிக்குக்கா இருப்பாங்க?"

சொன்னேன். அந்த பில்லு என்ன ஆச்சு என்றும் கேட்டேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.