ஆட்டை விரட்டாமல் மரம் வளர்க்கலாம்

மேய்ந்து மொட்டையாகிக் கிடந்த தரிசில், ஆட்டுப் புழுக்கைகளுக்கு நடுவே ஒரு வேலங்கன்று முளைத்திருந்தது.

யாரும் நட்டதில்லை. ஆடு நெற்றைத் தின்றிருக்கிறது. மெல்லுவதில் தப்பிய விதை, வயிற்றில் கெட்டித்தோல் கொஞ்சம் இளகி, எருவோடு வந்து விழுந்திருக்கிறது.

அதே ஆடு நாளைக்கு வந்தால் அதன் கொழுந்தைத்தான் முதலில் கடிக்கும். நுனி போனால் கன்று உயராது, குட்டையாகப் படர்ந்து நின்றுவிடும். முன்னங்காலைத் தூக்கி நின்று எட்டிக் கடிக்கிற பிராணி அது. அந்த எட்டுக்கு மேலே மரம் தலை நீட்டும்வரை காவல் வேண்டும். அப்புறம் பயமில்லை.

அதனால் நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, கன்று இருக்கும் பகுதியை மட்டும் சில வருஷம் மூடி வைக்கலாம். மற்ற இடத்தில் மாற்றி மாற்றி மேய்ச்சல், இரவில் ஆடுகளை அங்கேயே அடைத்துக் கிடை. வெறுந்தரைக்கு எரு தானாகச் சேரும். அகத்தி, கிளைரிசிடியா மாதிரி மரங்கள் வளர்ந்துவிட்டால் தழையை ஒடித்துப் பட்டியிலேயே போடலாம்.

நைஜர் நாட்டில் 1980களிலிருந்து விவசாயிகள், வெட்டுண்ட மரங்களின் அடிக்கட்டையில் துளிர்த்ததைக் காத்தே சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்களை மீட்டார்கள். அங்கேயும் ஆடுகள் உண்டு.

மேய்ச்சல் நிலத்தில் மரம் நட வருகிறவர்கள், முதலில் ஆடு மேய்ப்பவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அந்தக் கன்றுகளைத் தினமும் பார்க்கப் போகிறவர் அவர்தான்.